இடைசெவலுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எழுத்தாளர் கி. ராஜநாராயணனை, அதாவது கி.ரா.வைப் படித்தவர்கள் என்றைக்காவது ஒருநாள் கேட்டுவிடுவார்கள், "இடைசெவல் போயிருக்கீங்களா, அங்க என்ன இருக்கு?" என்று. கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன, அதனால் பதில்களை மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

இடைசெவல் எங்கே இருக்கிறது? அப்படி என்ன அந்த ஊருக்கு?

தூத்துக்குடி மாவட்டம், கோவில்பட்டிக்குத் தெற்கே. திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலையில் சுமார் 10, 12 கிலோமீட்டர். கோவில்பட்டி, நாலாட்டின்புத்தூர், இடைசெவல், அப்புறம் கயத்தாறு என்று வரிசை.

கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இரண்டு பேருக்கும் சொந்த ஊர் இதுதான். இரண்டு பேரும் சாகித்திய அகாதமி விருது வாங்கியவர்கள். அழகிரிசாமிக்கு 1970-ல், அவர் இறந்தபிறகு, கி.ரா.வுக்கு 1991-ல். கிட்டத்தட்ட ஒரே வயது, சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள், சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து சங்கீதம் கேட்டார்கள், ஒருவர் ஊரைவிட்டுப் போனபிறகு கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டார்கள். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. ஒரு சின்னக் கரிசல் கிராமத்திலிருந்து ஒரே தலைமுறையில் இப்படி இரண்டு பேர் என்பது தமிழில் வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, அங்கே போய் என்ன பார்ப்பது?

இதற்குக் கொஞ்சம் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். "பார்க்க" ஒன்றும் இல்லை. டிக்கெட் கவுன்டர், வழிகாட்டி, அம்புக்குறி போட்ட பலகை என்று எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது ஜனங்கள் குடியிருக்கிற, வெள்ளாமை பார்க்கிற ஒரு ஊர். காரை நிறுத்திவிட்டு இறங்கி, தெருவில் ஒரு நடை நடந்து, "இவ்வளவுதானா?" என்று அரைமணி நேரத்தில் கிளம்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் ஒரு நினைவகத்தைத் தேடி வந்திருக்கிறார்கள்.

பார்க்கவேண்டியது ஊரைச் சுற்றி இருக்கிறது. தெருக்களை முடித்துவிட்டுப் புஞ்சைப் பக்கம் நடங்கள். கறுத்த மண், கண்ணுக்கு எட்டுகிற வரை மேடு பள்ளம் அதிகமில்லாத வெளி, நடுவில் ஒற்றை வேப்பமரம், ஓடை ஓரமாக உடைமரம், தரிசாகப் போன இடத்திலெல்லாம் சீமைக்கருவேலம். கயத்தாறு பக்கம் திரும்பினால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும், அது மட்டும்தான் கி.ரா. கதைகளில் இல்லாத காட்சி. ஆற்றுப் பாசனம் கிடையாது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் கடன். இந்த ஒரு விஷயம் உடம்பில் ஏறிவிட்டால், அந்த இரண்டு பேர் கதைகளிலும் ஏன் மனிதர்கள் ஒரு படி கம்புக்கும் ஒரு துண்டுத் துணிக்கும் அப்படித் தவிக்கிறார்கள் என்பது விளங்கும். கி.ரா.வின் ஒரு சிறுகதையில் வரி பாக்கிக்காக வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அந்தக் கதவில் ஏறி விளையாடிய பிள்ளைகள் அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்வார்கள். அதைச் சோகத்துக்காகக் கூட்டிச் சொன்னதாக நினைத்திருந்தால், வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற அந்தக் காட்டு வழியே ஒருமுறை நடந்து பாருங்கள்.

(அங்கே "காடு" என்றால் மரங்கள் அடர்ந்த வனம் இல்லை, விதைக்கிற நிலம். "அவர் காட்டுக்குப் போயிருக்காரு" என்று சொன்னால் பயப்படாதீர்கள்.)

எப்படிப் போவது?

ரயில் என்றால் கோவில்பட்டியில் இறங்குங்கள். மதுரை–திருநெல்வேலி பாதையில் இருக்கிறது, சென்னையிலிருந்து தெற்கே வருகிற பல ரயில்கள் நிற்கும். அங்கிருந்து பஸ். திருநெல்வேலி போகிற எல்லா பஸ்ஸும் இடைசெவலில் நிற்காது, குறிப்பாகத் தொலைதூர வண்டிகள். ஏறும்போதே கண்டக்டரிடம் "இடைசெவல் நிக்குமா?" என்று கேட்டுவிடுங்கள், உட்கார்ந்து டிக்கெட் வாங்கும்போது கேட்டால் நாலாட்டின்புத்தூர் தாண்டியிருக்கும். டவுன் பஸ்தான் நிம்மதி. பெண்களுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, தமிழ்நாடு முழுக்க 2021 மே மாதத்திலிருந்து அப்படித்தான்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான்குவழிச் சாலையில் வண்டிகள் பறக்கின்றன. ஊருக்குள் திரும்பும் இடத்தில் வேகத்தை முன்கூட்டியே குறையுங்கள். பஸ்ஸில் திரும்புகிறவர்கள் சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் நின்று பார்த்துக் கடங்கள், எதிர்த் திசையில் வருகிற பைக்குகளையும் சேர்த்து.

விமானம் என்றால் தூத்துக்குடி (வாகைக்குளம்) பக்கம், மதுரை கொஞ்சம் தள்ளி.

எந்த மாதத்தில் போனால் நல்லது?

இதற்கு இரண்டு பதில்.

வசதிக்காகக் கேட்டால் மார்கழி, தை. வெயில் தாங்கும், காலையில் பனி இறங்கியிருக்கும், காடெல்லாம் பச்சையாக இருக்கும். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், அங்கங்கே பருத்தி, கம்பு. முன்பு கரிசல் என்றால் பருத்தியும் கம்பும் சோளமும்தான் முதலில் ஞாபகம் வரும், இப்போது மக்காச்சோளம் நிறைய இடத்தைப் பிடித்துவிட்டது. தை பிந்தி மாசி வந்தால் அறுவடை, களத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும், பேச்சுக் கொடுக்க ஆள் கிடைக்கும், ஆனால் யாருக்கும் நேரம் இருக்காது.

புரிந்துகொள்வதற்காகக் கேட்டால் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல். மற்ற இடங்களில் ஆடிப் பட்டம் தேடி விதைப்பார்கள், கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் விதைப்பு. மழை விழுவதற்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு மேற்கேயும் கிழக்கேயும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விதை போட்டு மழை தள்ளிப்போனால் விதை வீண். லேசாகத் தூறி முளைக்கவைத்துவிட்டு அப்புறம் ஓடிப்போனால் அதைவிட மோசம். இந்த நாட்களில் டீக்கடையில் அரசியல் பேச்சுக்கூட இரண்டாவதுதான், முதல் பேச்சு மேகத்தைப் பற்றி.

நல்ல மழை பெய்த மறுநாள் மட்டும் காட்டுக்குள் இறங்காதீர்கள். கரிசல் மண் நனைந்தால் களிம்பு மாதிரி ஒட்டும். செருப்பு காலோடு வராது, வந்தால் ஒரு கிலோ மண்ணோடு வரும். பைக்கை இறக்கினால் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மண் அடைத்து வண்டி அப்படியே நிற்கும், குச்சியை வைத்து நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். தார் ரோட்டோடும் சிமென்ட் தெருவோடும் நின்றுகொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசி வேண்டாம். ஆனி, ஆடியில் காற்று, புழுதியோடு.

போவதற்கு முன்னால் எதையாவது படித்திருக்கவேண்டுமா?

கட்டாயம் படித்திருக்கவேண்டும். படிக்காமல் போவதற்கு இடைசெவலும் ஒன்றுதான், சாலையில் தாண்டிப்போகிற வேறு எந்த ஊரும் ஒன்றுதான்.

நிறையப் படிக்கவேண்டியதில்லை. கி.ரா.வின் நாலைந்து சிறுகதைகள் ("கதவு", "கோமதி", "நாற்காலி" போதும்), முடிந்தால் "கோபல்ல கிராமம்". அழகிரிசாமியில் "ராஜா வந்திருக்கிறார்", "அன்பளிப்பு", "குமாரபுரம் ஸ்டேஷன்". அழகிரிசாமியை விட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லத் தோன்றுகிறது. ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கி.ரா.வுக்காகத்தான் வருகிறார்கள். கி.ரா. 2021 மே மாதம் வரை, நம் கண்ணெதிரே நூறு வயதை நெருங்கும்வரை இருந்தார், பேசினார், எழுதினார், பேட்டி கொடுத்தார். அழகிரிசாமி 1970-லேயே, ஐம்பதைத் தொடாமல் போய்விட்டார். சென்னை, மலாயா என்று வெளியில் பத்திரிகை வேலை பார்த்தே ஆயுளில் பாதி போனது. அதனால் ஞாபகத்தில் பின்னால் தள்ளப்பட்டுவிட்டார், எழுத்தில் அப்படி இல்லை. தீபாவளி அன்றைக்கு ஒரு ஏழை வீட்டுக்கு அனாதைப் பையன் ஒருவன் வந்து சேருகிற "ராஜா வந்திருக்கிறார்" கதையைப் படித்துவிட்டு யாரும் சும்மா எழுந்து போகமுடியாது.

பேச்சு புரியாது என்று பயப்படுகிறவர்களுக்குக் கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது, 1982-ல் வந்தது. தனி மனிதர் ஒருவர் முன்னின்று ஒரு வட்டாரத்துக்கே அகராதி போட்டார். பஸ்ஸில் புரட்ட நல்ல புத்தகம்.

கோபல்லபுரம் என்பது இடைசெவல்தானே? "கோபல்ல கிராமம்" நாவலில் வரும் இடங்களைத் தேடிக் கண்டுபிடிக்கலாமா?

தேடாதீர்கள். வடக்கே தெலுங்கு நாட்டிலிருந்து கிளம்பி வந்தவர்கள் இந்தக் கரிசல் காட்டை அழித்து ஊராக்கிய கதை அது, பாட்டிமார் சொன்னது, கேட்டது, ஊர் ஊராகச் சேர்த்தது எல்லாம் கலந்தது. இடைசெவலின் வாசனை அதில் இருக்கும், சர்வே நம்பர் இருக்காது. "அந்தக் கோட்டையார் வீடு எது?" என்று போய் நின்றால் ஊர்க்காரர்கள் பாவம், உங்களுக்காக ஏதாவது ஒரு வீட்டைக் காட்டவேண்டியதாகிவிடும்.

அங்கே தெலுங்கு பேசுவார்களா?

தமிழ்தான். சில வீடுகளுக்குள் தெலுங்கும் இருக்கும், இந்தப் பக்கம் பல ஊர்களில் அப்படி. கி.ரா., அழகிரிசாமி இருவர் வீட்டிலும் தெலுங்குதான் பேச்சு, இருந்தும் கரிசல் தமிழை இவர்கள் அளவுக்குக் காதால் பிடித்து எழுதியவர்கள் குறைவு. இரண்டு மொழியில் வளர்ந்த காதுக்கு ஒரு மொழியின் ஓசை கூடுதலாகக் கேட்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு, யாராவது மொழியியல் படித்தவர்கள் சொல்லட்டும்.

எழுத்தாளர்களின் வீட்டைப் பார்க்கலாமா? உள்ளே விடுவார்களா?

வீடு என்பது வீடுதான், அரசாங்க நினைவில்லம் அல்ல. தெருவில் நின்று பார்க்கலாம். வாசலில் யாராவது இருந்தால் வணக்கம் சொல்லி, இன்ன ஊரிலிருந்து வருகிறேன், இவர் எழுத்தைப் படித்தவன் என்று சொல்லலாம். கூப்பிட்டால் போங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது, பூட்டிய கதவு முன்னால் நின்று செல்ஃபி எடுத்து "கி.ரா. வீட்டில் நான்" என்று போடுவது, இதெல்லாம் வேண்டாமே.

முறையாக ஒரு இடத்தைப் பார்க்கவேண்டும் என்றால் கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு கட்டிய நினைவரங்கம் இருக்கிறது, 2022 டிசம்பரில் திறந்தார்கள், சிலையும் உண்டு. முதலில் அங்கே போய்விட்டு ஊருக்கு வந்தால், ஊரில் கட்டடம் தேட மாட்டீர்கள்.

கி.ரா. படித்த பள்ளிக்கூடம்?

இருக்கிறது. கி.ரா. மறைந்தபோது அதைப் புதுப்பிக்கப் போவதாக அரசு அறிவித்தது. மழைக்காகத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன், அங்கேயும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர் அவர். அப்புறம் அதே மனிதர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர். வகுப்பு நடக்கிற நேரத்தில் உள்ளே போகாதீர்கள், தலைமையாசிரியரிடம் கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஊர்க்காரர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? வெளியூர்க்காரன் என்று ஒதுக்கிவிடுவார்களா?

ஒதுக்க மாட்டார்கள், ஆனால் முதல் ஐந்து நிமிடம் உங்களை விசாரிப்பார்கள். "எந்தூரு? யாரப் பாக்க வந்திய?" இதற்குச் சுருக்கமாக நேராகப் பதில் சொன்னாலே போதும். வயதானவர்களை ஐயா, அம்மா, தாத்தா. நடு வயது ஆட்களை அண்ணாச்சி, அக்கா. தெற்கத்திப் பக்கத்தில் அண்ணாச்சி என்ற ஒரு கூப்பாடு பாதிக் கதவைத் திறந்துவிடும். சென்னைப் பழக்கத்தில் "பாஸ்", "ப்ரோ" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இலக்கியத்தில் தொடங்காதீர்கள். இதுதான் வருகிறவர்கள் எல்லோரும் செய்வது. "கி.ரா.வின் மொழி நடையைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்று களத்தில் பயறு தூற்றிக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? மழையைக் கேளுங்கள், பயற்றுக்கு என்ன விலை போகிறது என்று கேளுங்கள், காட்டுப்பன்றியும் மயிலும் வெள்ளாமையை என்ன பாடு படுத்துகின்றன என்று கேளுங்கள். அது போய்க்கொண்டிருக்கும்போது தானாகவே வரும், "நீங்க அவரு புஸ்தகம் படிச்சு வந்தவியளா? எங்க அப்பாவும் அவரும்…" என்று. அந்த "எங்க அப்பாவும் அவரும்" என்ற இடத்தில்தான் நீங்கள் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். அந்த ஊரில் கி.ரா. ஒரு எழுத்தாளர் மட்டும் இல்லை, விவசாயிகள் போராட்டத்தில் நின்ற கம்யூனிஸ்ட், அக்கம்பக்கத்துச் சம்சாரி (அங்கே விவசாயி என்று அர்த்தம்), யாருக்கோ மாமா, யாருக்கோ சித்தப்பா. உங்களுக்குத் தெரிந்த கி.ரா.வைவிட அவர்களுக்குத் தெரிந்தவர் வேறு. சில பேருக்கு அவரைப் பற்றிப் பெரிய அபிப்பிராயமே இல்லாமலும் இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிரில் உட்கார்ந்து நோட்டை எடுத்து எழுதினால் பேச்சு விறைத்துப்போகும். போனில் ரெக்கார்டு போடுவது என்றால் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று. யார் எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று துருவாதீர்கள். நம் ஊர்களில் அந்தக் கேள்விக்கு என்ன எடை என்று உங்களுக்கே தெரியும், ஒரு பகல் வந்துபோகிறவர் அதைக் கிளறிவிட்டுப் போகவேண்டியதில்லை.

படம், வீடியோ எடுக்கலாமா? ட்ரோன் பறக்கவிடலாமா?

நிலம், வானம், கண்மாய், ஆடு மாடு, தாராளமாக. மனிதர்கள் என்றால் கேட்டுவிட்டு. தண்ணீர் பிடிக்கிற இடம், குளிக்கிற இடம் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், முற்றத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் தலைக்கு மேல் அது ரீங்காரம் போட்டால் உங்களை ஊர் எப்படிப் பார்க்கும்?

சாப்பாடு, தங்குமிடம்?

இரண்டுக்கும் கோவில்பட்டி. சுமாரிலிருந்து நல்லது வரை லாட்ஜுகள் உண்டு, ஓட்டல்கள் நிறைய. ஊரில் டீ, வடைக்கு மேல் எதையும் நம்பாமல், தண்ணீர் பாட்டிலோடு போங்கள். கழிப்பறை விஷயத்தையும் கோவில்பட்டியிலேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம், குறிப்பாகப் பெண்களும் வயதானவர்களும் வருகிற குழுவுக்கு.

கடலை மிட்டாய் எங்கே வாங்குவது என்றும் கேட்பீர்கள். கோவில்பட்டிதான். 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. மானாவாரி நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த விஷயம், அதனால் அதையும் கரிசல் கணக்கில்தான் சேர்க்கவேண்டும்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

பகலில் போகலாம். வேறு எந்தத் தெற்கத்திக் கிராமத்துக்கும் போகிற மாதிரிதான். காட்டுப் பக்கம் தனியாக ரொம்ப தூரம் நடக்கவேண்டாம், இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான். ஆள் நடமாட்டம் இல்லை, நிழல் இல்லை, கீழே முள். தனியாக வந்த பெண்ணைப் பார்த்தால் ஊர்ப் பெண்கள் கூப்பிட்டு உட்காரவைத்து ஆயிரம் கேள்வி கேட்பார்கள், ஆண்களுக்குக் கிடைக்காத கதைகள் உங்களுக்குக் கிடைக்கும். பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுங்கள்.

"குமாரபுரம் ஸ்டேஷன்" நிஜமாகவே இருக்கிறதா?

இருக்கிறது. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில். ஊரே இல்லாத காட்டுக்குள் எதற்கு இப்படி ஒரு ஸ்டேஷன் என்று நினைக்கிற ஒருவரின் மனம், கிராமத்துப் பையன்கள் சிலர் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர ரயிலில் போவதைப் பார்த்ததும் மெல்ல மாறுகிற கதை அது. நிகழ்ச்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அதுதான் அதன் அழகு. ஸ்டேஷனைப் போய்ப் பார்ப்பதைவிட, கடம்பூர்ப் பக்கமிருந்து பகல் ரயிலில் கோவில்பட்டிக்கு வாருங்கள், ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பெயர்ப்பலகை கடந்துபோவதைப் பாருங்கள். கதையில் வருகிறவர்களும் அந்த ஊர்களை அப்படித்தான், ரயிலில் இருந்தபடி, பார்க்கிறார்கள்.

ஒரே நாளில் வேறு எங்கெல்லாம் சேர்த்துப் போகலாம்?

கோவில்பட்டியை நடுவில் வைத்துக்கொண்டால் நாலு பக்கமும் ஏதாவது இருக்கிறது. கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, கல்கி முன்னின்று நிதி திரட்டிக் கட்டி 1947-ல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபம் இருக்கிறது, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியதும் இங்கேதான். 1835-ல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் இதே ஊர், பாரதி வீட்டுக்கு வருகிற பலர் அதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கி.ரா.வும் அழகிரிசாமியும் சங்கீதப் பைத்தியங்கள், விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டுக்கு அடிமை, கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்துக்கும்தான். இந்த வெயில் காட்டில் இவ்வளவு சங்கீதம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு பாதிப் பதில் எட்டயபுரம் சமஸ்தானம்.

மேற்கே கழுகுமலை, 20 கிலோமீட்டர் சொச்சம். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து பாதியில் நிறுத்திய வெட்டுவான் கோயில், பக்கத்திலேயே வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள், அடிவாரத்தில் முருகன். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகன்மேல். பாறைமேல் வெறும் காலோடு மதியம் ஏறாதீர்கள்.

தெற்கே கயத்தாறு, கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ல் தூக்கிலிட்ட இடம், சாலையோரமே நினைவிடம்.

அப்புறம் உருளைக்குடி. சோ. தர்மனின் ஊர், 2019-ல் சாகித்திய அகாதமி வாங்கிய "சூல்" இந்த ஊர்க் கண்மாயைச் சுற்றித்தான். 2014-ல் வாங்கிய பூமணிக்கும் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம்தான்.

என் கருத்து: ஒரு நாளில் இடைசெவலும் எட்டயபுரமும் மட்டும் போதும். காலையில் ஊர், வெயில் ஏறியதும் எட்டயபுரத்துக் கூரை நிழல். கழுகுமலைக்குத் தனி நாள் வையுங்கள். நாலையும் ஒரே நாளில் முடித்தவர்கள் திரும்பிவந்து பேசுவது பார்க்கிங்கைப் பற்றித்தான்.

கல்லூரியிலிருந்து ஒரு பஸ் நிறைய மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் ஐம்பது பேர் ஒரே தெருவுக்குள் இறங்கினால் அது ஊர்வலம். ஏழெட்டுப் பேராகப் பிரித்துவிடுங்கள், ஒரு குழு காட்டுப் பக்கம், ஒரு குழு கண்மாய்ப் பக்கம், ஒரு குழு சும்மா மரத்தடியில். கேள்வித்தாள் அச்சடித்துக் கொண்டுபோய் வீடு வீடாக நீட்டுவது வேண்டாம். போவதற்கு முன்பு ஊராட்சித் தலைவரிடமோ பள்ளியிலோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊரே உதவி செய்யும், சொல்லாமல் இறங்கினால் ஏதோ கணக்கெடுப்பு என்று நினைத்து எல்லோரும் ரேஷன் கார்டோடு வருவார்கள். நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள கோவில்பட்டியில் நூறு வருடத்துக்கு மேலாக இயங்குகிற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் முன்அனுமதி கேட்டுப் பாருங்கள், மானாவாரி விவசாயம்தான் அவர்களுடைய வேலையே. தமிழ்த்துறை மாணவர்களை அங்கே கூட்டிப்போக யாருக்கும் தோன்றுவதில்லை, கரிசல் இலக்கியம் நடத்துகிறவர்களுக்கு மண் என்னவென்று தெரிய அதைவிட நல்ல வகுப்பு இல்லை.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் சலித்துவிடுமா?

பெரியவர்களைவிட அவர்களுக்குச் சலிப்பு குறைவு. ஆட்டுக்குட்டி போதும். முந்தைய நாள் ராத்திரி கி.ரா. சேகரித்த நாட்டுப்புறக் கதைகளில் இரண்டைச் சொல்லித் தூங்கவையுங்கள். (எல்லாவற்றையும் அல்ல, நீங்கள் முதலில் படித்துப் பார்த்துவிட்டு. அவர் சேகரித்ததில் பெரியவர்களுக்கான சமாச்சாரமும் ஏராளம்.)

ஊருக்கு ஏதாவது செய்துவிட்டு வரலாமா?

பிள்ளைகள் கையில் காசும் சாக்லேட்டும் கொடுக்காதீர்கள். செய்யத் தோன்றினால் பள்ளிக்குப் புத்தகம். உங்கள் வீட்டு அலமாரியில் இடம் அடைக்கிற பழைய போட்டித்தேர்வு வழிகாட்டிகளைக் கட்டிக் கொண்டுபோகாமல், தலைமையாசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேட்டு அதை மட்டும் வாங்கிக் கொடுங்கள். படம் வரைந்த கதைப் புத்தகங்களைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள்.